நினைவு மண்டபத்துக்கு எதுக்குங்க புது டாய்லெட்?

மக்களே, இன்னிக்கு ஒரு கழிப்பறை வரலாறு. கொஞ்சம் நீளமான இழை. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க சாப்பிட்டு முடிச்சிட்டு வாங்க.

அமெரிக்காவில் பல ஊர்களில் ஒரே ஜாடையில் ஒரு பழைய கட்டடம் இருக்கும். முகப்பில் பெரிய தூண்கள். ஏறிப்போக அகலமான படிகள். உள்ளே நுழைந்ததும் போரில் இறந்த அந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர் பொறித்த வெண்கலப் பலகை. முன்னாள் படைவீரர்களின் நினைவுக் கூடம். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் பாதி நினைவு மண்டபம், பாதி சமுதாயக் கூடம்.

இவற்றில் பல இப்போது 80, 90 வயதைத் தாண்டிவிட்டன. பாரம்பரியக் கட்டடப் பட்டியலிலும் ஏறிவிட்டன. இதில் பொதுக் கழிப்பறை சேர்க்கலாம் என்று பேச்சு எடுத்தால் இரண்டு பக்கமிருந்தும் முனகல் வரும். பழமையை நேசிப்பவர்களுக்கு, பழைய சுவரை இடிக்கிறார்களே என்ற கவலை. வரி கட்டுபவர்களுக்கு, ஒரு டாய்லெட்டுக்கா இவ்வளவு பணம் என்ற எரிச்சல். ரெண்டு பேர் கவலையும் நியாயம்தான், மறுக்கலை.

எனக்குக் கட்டடக்கலை தெரியாது. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் டாக்டர் என்ற முறையில் சிறுநீர்ப்பையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். இந்த விவகாரத்தில் சிறுநீர்ப்பையின் பக்கத்துக் கதையை அதிகம் பேர் சொல்வதில்லை. அதனால நான் சொல்றேன்.

முதலில் இந்தக் கூடங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடுவோம்.

முதல் உலகப்போர் 1918 நவம்பரில் முடிந்தது. அடுத்த வருடமே அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பு தொடங்கியது. இறந்தவர்களுக்கு என்ன நினைவுச்சின்னம் வைப்பது என்று நாடு முழுக்க வாதம். ஒரு தரப்பு சிலை, தூண், வளைவு என்றது. இன்னொரு தரப்பு, சும்மா கல்லை நட்டு என்ன பயன், அதே பணத்தில் உயிரோடு இருப்பவர்கள் கூடிப் பழக ஒரு கட்டடம் கட்டுவோம் என்றது. இதற்கு 'உயிருள்ள நினைவகம்' என்று பெயரும் வைத்தார்கள். இரண்டாவது தரப்புக்கு நிறைய ஊர்களில் வெற்றி. அரங்கம், கூட்ட அறை, சமையலறை எல்லாம் சேர்த்துக் கட்டினார்கள். அங்கேதான் கல்யாண விருந்து, நடனம், ஊர்க்கூட்டம், தேர்தல் வாக்குச்சாவடி எல்லாம்.

இதிலேயே பெரிய உதாரணம் சான் பிரான்சிஸ்கோ. 1927-ல் அந்த நகர வாக்காளர்கள் 40 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ஆர்தர் பிரவுன் ஜூனியர் என்ற கட்டடக் கலைஞர் அருகருகே இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு கட்டடங்களை எழுப்பினார். ஒன்று ஆப்பரா அரங்கம், இன்னொன்று வெட்டரன்ஸ் பில்டிங். 1932-ல் திறந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் சாசனம் 1945 ஜூன் 26 அன்று கையெழுத்தானது இந்த வெட்டரன்ஸ் பில்டிங்கின் அரங்க மேடையில்தான். இந்தக் கட்டடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இப்போ அந்தப் படிகளுக்கு வருவோம்.

அந்தக் காலத்துப் பொதுக் கட்டட பாணியில் முக்கியத் தளம் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். மரியாதைக்குரிய இடத்துக்கு ஏறித்தான் போக வேண்டும் என்ற எண்ணம். கழிப்பறை மரியாதைக்குரிய சமாச்சாரம் இல்லையே? அதைப் பல கட்டடங்களில் அடித்தளத்தில் தள்ளிவிட்டார்கள். குறுகலான படியில் இறங்கிப் போனால் இரண்டடிக் கதவு வைத்த சின்னச் சின்ன அறைகள்.

படைவீரர்களுக்கென்றே கட்டிய கட்டடத்தில் ஏன் இப்படி? காயம்பட்டுத் திரும்பியவர்கள் வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா?

தெரியும். காலிழந்தவர்கள் ஊன்றுகோலோடு, மரக்காலோடு சிரமப்பட்டுப் படியேறினார்கள். ஆனால் முதுகில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் யாரும் சக்கர நாற்காலியில் வாசலில் வந்து நிற்கவில்லை. அந்தப் போரில் முதுகுத்தண்டு அடிபடவில்லை என்று அர்த்தம் இல்லை. அடிபட்டவர்கள் பெரும்பாலும் உயிரோடு வீடு வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் மருத்துவம் பேசணும்.

சிறுநீர்ப்பை நிரம்பியதும் ஒரு சேதி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகிறது. மூளை 'இப்போ போகலாம்' என்று சொன்னால்தான் பை சுருங்கி, வாய் திறக்கும். தண்டுவடம் நைந்துவிட்டால் இந்தப் போக்குவரத்து நின்றுவிடும். நிரம்பியதும் தெரியாது, தானாகக் காலியாகவும் செய்யாது. தேங்கிய சிறுநீரில் கிருமி வளரும். அழுத்தம் கூடிச் சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்பும். கிருமி ரத்தத்தில் கலக்கும். இன்னொரு பக்கம் உணர்வில்லாத தோல் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்திப் படுக்கைப்புண். அன்றைக்கு ஆன்டிபயாடிக் கிடையாது.

மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடியான ஹார்வி குஷிங் முதல் உலகப்போரில் பிரான்சில் பணியாற்றியவர். தண்டுவடக் காயம்பட்டவர்களில் 80 சதவீதம் பேர் முதல் சில வாரங்களிலேயே இறந்தார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். காரணமாக அவர் எழுதியது இரண்டு: படுக்கைப்புண்ணில் வந்த தொற்று, கதீட்டர் போட்டதில் வந்த தொற்று. குண்டில் தப்பியவர்களை மூத்திரக் குழாய் கொன்றது.

ஆக, 1920-களில் வரைபடம் போட்டவர்களின் கண்முன்னால் சக்கர நாற்காலிப் படைவீரர் கிட்டத்தட்ட கிடையாது. கட்டடம் அவரை வேண்டுமென்றே ஒதுக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பிழைப்பார் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த 20 வருடத்தில் இது தலைகீழாக மாறியது.

பாஸ்டனில் டொனால்ட் மன்ரோ என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், 1930-களில் தண்டுவட நோயாளிகளுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கி, சிறுநீர்ப்பையை முறையாகக் காலி செய்வதுதான் சிகிச்சையின் மையம் என்று காட்டினார். சல்ஃபா மருந்துகள் வந்தன. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் பெனிசிலின் வந்தது. நாஜிகளிடமிருந்து தப்பி 1939-ல் இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் திறந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, கதீட்டரைக் கிருமி படாமல் கையாள்வது, எழுந்து உட்கார வைத்து விளையாட வைப்பது. பாராலிம்பிக்ஸின் விதை இந்த வார்டில்தான் விழுந்தது.

இதே குட்மன், விட்டரிட்ஜ் என்ற உடலியலாளரோடு சேர்ந்து 1947-ல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார். அது இந்தக் கதைக்கு ரொம்ப அவசியம். தண்டுவடம் மார்புப் பகுதியின் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பினால் பி.பி. தாறுமாறாக ஏறும். தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்வை. கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்கசிவு, வலிப்பு, சாவு வரைக்கும் போகலாம். மருந்து தேடி ஓடுவதற்கு முன் செய்ய வேண்டிய சிகிச்சை எளிமையானது. நிமிர்த்தி உட்கார வைத்து, பையைக் காலி பண்ணணும். அதுக்கு ஒரு இடம் வேணும்.

போர் முடிந்தபோது அமெரிக்க மருத்துவமனைகளில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் உயிரோடு இருந்தார்கள். வரலாற்றிலேயே முதன்முறை. நகர்ந்து போக வண்டியும் இருந்தது. சுரங்க விபத்தில் முதுகொடிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட், ஹாரி ஜென்னிங்ஸ் என்ற பொறியாளரோடு சேர்ந்து மடித்துக் காரில் வைக்கக்கூடிய சக்கர நாற்காலியை 1930-களில் உருவாக்கியிருந்தார். நம்ம மருத்துவமனை வாசலில் இன்னிக்கும் பார்க்கிற மடக்கு வீல்சேரின் தாத்தா அதுதான்.

கலிபோர்னியாவின் பர்மிங்ஹாம் ராணுவ மருத்துவமனையில் இருந்த இந்த இளைஞர்களைப் பற்றி 'தி மென்' என்று 1950-ல் ஒரு படம் வந்தது. மார்லன் பிராண்டோவுக்கு முதல் படம். வார்டில் அவர்களோடே தங்கிப் பழகி நடித்தார். உடன் நடித்தவர்களில் பலர் நிஜ நோயாளிகள்.

வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நேரம் வந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. உயிர் இருக்கு, வண்டி இருக்கு, பென்ஷன் இருக்கு. பாத்ரூம் கதவுக்குள் வண்டி நுழையவில்லை. 1948-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. இவர்களுக்கேற்ற வீடு கட்டவோ வாங்கவோ செலவில் பாதி, அதிகபட்சம் 10,000 டாலர் அரசு தரும். அகலக் கதவு, சாய்தளம், வண்டி திரும்பும் அளவுக்குக் குளியலறை.

நல்ல சட்டம்தான். ஆனால் வீட்டு வாசலோடு முடிந்தது. வாசலைத் தாண்டினால் ஊர் பழைய ஊர்தான். அவர்கள் பெயரிலேயே இருக்கும் நினைவுக் கூடமும் அதே படிகளோடுதான் நின்றது.

வெளியே கழிப்பறை கிடைக்காது என்று தெரிந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? தண்ணி குடிக்க மாட்டாங்க. எங்க ஓ.பி.க்கு வரும் பெண்களிடம் கேட்டுப் பாருங்க. பஸ்ஸில் வரும் நாள், கல்யாணத்துக்குப் போகும் நாள் என்றால் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. நல்ல சிறுநீர்ப்பை உள்ளவர்களுக்கே இதனால் நீர்க்கடுப்பும் தொற்றும் வருகிறது. தண்டுவடம் அடிபட்டவர் இதையே பழக்கமாக்கினால் கல், தொற்று, மெல்ல மெல்லச் சிறுநீரகம் போகும். இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. வெளியே போவதையே நிறுத்திவிடுவது. நிறைய பேர் அதைத்தான் செய்தார்கள்.

படிகள் மட்டும்தான் தடையா என்றால், இல்லை. இங்கே ஒருவர் கதையைச் சொல்லாமல் கடந்தால் இந்த இழை பாதிதான்.

ஐசக் வுடார்டு. கறுப்பினத்தவர். 1942-ல் ராணுவத்தில் சேர்ந்து பசிபிக் களத்தில் பணியாற்றிய சார்ஜென்ட். 1946 பிப்ரவரி 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ராணுவத்திலிருந்து நல்லபடியாக விடுவிக்கப்பட்டு, அன்று மாலையே சீருடையோடு ஊருக்குப் பஸ் ஏறினார். வழியில் ஒரு நிறுத்தத்தில், கழிப்பறைக்குப் போய்வர நேரம் இருக்கா என்று டிரைவரிடம் கேட்டார். டிரைவர் திட்டினார். வுடார்டு பதிலுக்குப் பேசினார். போய்விட்டு வந்து உட்கார்ந்தும் விட்டார். தெற்கு கரோலினாவில் பேட்ஸ்பர்க் என்ற ஊர் வந்ததும் டிரைவர் இறங்கிப் போலீஸைக் கூப்பிட்டார். அந்த ஊர்க் காவல்துறைத் தலைவர் லின்வுட் ஷல் தடியால் அடித்ததில் வுடார்டின் இரண்டு கண்களும் போயின. பணியிலிருந்து விடுபட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை.

அந்த வருடம் நவம்பரில் வழக்கு. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அரை மணி நேரத்துக்குள் ஷல்லை விடுவித்தது. இந்தச் சம்பவம் குடியரசுத் தலைவர் ட்ரூமனை உலுக்கியது. 1948 ஜூலை 26 அன்று, ராணுவத்தில் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையில் அவர் கையெழுத்திட்டார். வுடார்டு 1992-ல், நியூயார்க்கில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் இறந்தார். பேட்ஸ்பர்க்கில் அவருக்கு நினைவுப் பலகை வைத்தது 2019-ல்.

அந்தக் காலத் தென்மாநிலங்களில் வெள்ளையருக்கு ஒரு கழிப்பறை, கறுப்பருக்கு ஒரு கழிப்பறை என்பது சட்டம். உலகின் மிகப்பெரிய அலுவலகக் கட்டடங்களில் ஒன்றான பென்டகனிலேயே தேவைக்கு இருமடங்கு கழிப்பறைகள் கட்டியதற்குக் காரணம், அது நிற்கும் வர்ஜீனியா மாநிலத்தின் இனப்பிரிப்புச் சட்டம். ஆகவே 'பொது'க் கழிப்பறை என்ற சொல்லில் அந்த 'பொது' யார் என்ற கேள்வி இந்தக் கட்டடங்களோடு கூடவே வருவது. ஒரு நாட்டின் சீருடையைப் போட்டவருக்கே அந்தச் சொல்லில் இடம் இல்லாத காலம் அது.

சரி, சக்கர நாற்காலிக்குத் திரும்புவோம்.

யாராவது பெரிய மனசு பண்ணி இதையெல்லாம் மாற்றினார்கள் என்று நினைக்காதீங்க. முன்னாள் படைவீரர்களே கேட்டு வாங்கினார்கள். மிச்சிகன் மாநிலம் கலமசூ நகரில் ஜாக் ஃபிஷர் என்ற வழக்கறிஞர், உடல் ஊனமடைந்த முன்னாள் படைவீரர், நடைபாதை விளிம்புகளைச் சரித்துக் கொடுங்கள் என்று 1945-லேயே நகர நிர்வாகத்திடம் மனு கொடுத்தார். உடல் செயலிழந்த படைவீரர்கள் தங்களுக்கென 1946-47-ல் தனிச் சங்கம் அமைத்தார்கள்.

இல்லினாய் பல்கலைக்கழகக் கதை இன்னும் சுவாரஸ்யம். கேல்ஸ்பர்கில் காலியான ஒரு ராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில் பல்கலைக்கழகத்தின் கிளை இயங்கியது. மருத்துவமனை என்பதால் சாய்தளமும் அகலக் கதவும் ஏற்கெனவே இருந்தன. 1948-ல் டிம் நியூஜென்ட் என்ற இளைஞர், அவரும் முன்னாள் படைவீரர்தான், சக்கர நாற்காலி மாணவர்களுக்கான திட்டத்தை அங்கே தொடங்கினார். மறு வருடமே அந்தக் கிளையை மூட முடிவானது. மாணவர்கள் வண்டி கட்டிக்கொண்டு மாநிலத் தலைநகருக்கே போய்ப் போராடினார்கள். கடைசியில் திட்டம் அர்பானா-சாம்பெய்ன் வளாகத்துக்கு மாறியது. அங்கே நியூஜென்ட் அளவெடுக்க ஆரம்பித்தார். எவ்வளவு சரிவு இருந்தால் தனியாக ஏற முடிகிறது, கதவு எவ்வளவு அகலம் வேண்டும், கைப்பிடி எந்த உயரம். அந்த ஆராய்ச்சியை அடிப்படையாக வைத்து 1961-ல் வந்ததுதான் அமெரிக்காவின் முதல் 'தடையற்ற கட்டட' அளவுகோல். மொத்தமே சில பக்கம்தான். பின்பற்றச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதுதான் குறை. 1968-ல் மத்திய அரசுப் பணத்தில் கட்டும் கட்டடங்களுக்கு மட்டும் சட்டம் வந்தது.

நடுவில் 1972-ல் மருத்துவத்தில் ஒரு புரட்சி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லேப்பிடஸ், கதீட்டர் போட ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை என்றார். சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான குழாயை நோயாளியே சில மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே விட்டு, சிறுநீரை வடித்து, எடுத்துவிடலாம். பை அளவுக்கு மீறி விரியாமல் இருப்பதுதான் முக்கியம். முதலில் பலர் நம்பவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் முறை, நாங்களும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். இந்தச் சிகிச்சை எண்ணற்ற சிறுநீரகங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இதற்கு என்ன தேவை பாருங்க: உள்ளே போய்த் திரும்ப இடம், தாழ்ப்பாள், வெளிச்சம், கைக்கெட்டும் உயரத்தில் வாஷ்பேசின், சோப்பு. வார்டில் இருந்த சிகிச்சையை லேப்பிடஸ் வெளியே கொண்டுவந்துவிட்டார். வெளியேதான் இடம் இல்லை.

1973-ல் இன்னொரு சட்டம். அரசுப் பணம் வாங்கும் எந்த அமைப்பும் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக்கூடாது என்றது அதன் 504-ஆவது பிரிவு. விதிகளில் கையெழுத்துப் போடாமல் நாலு வருடம் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரல் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் மத்திய அரசு அலுவலகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஜூடித் ஹியூமன் முன்னணியில் இருந்தார். கதீட்டர் மாற்ற ஆள் இல்லை, படுக்கையில் புரட்ட ஆள் இல்லை, மருந்து இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் நகரவில்லை. ஒரு டாக்டராக அந்த விவரங்களைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். அவர்களில் சிலர் நிஜமாகவே உயிரைப் பணயம் வைத்தார்கள். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் கலிஃபானோ கையெழுத்திட்டார்.

அந்த அலுவலகத்தின் முகவரி, 50 யுனைடெட் நேஷன்ஸ் பிளாசா. சதுக்கத்துக்கு ஏன் அந்தப் பெயர்? முன்னே சொன்ன வெட்டரன்ஸ் பில்டிங்கில் 1945-ல் கையெழுத்தான சாசனத்தின் நினைவாக. இரண்டும் ஒரே நகர மையத்தில், நடந்துபோகும் தூரத்தில். (சக்கர நாற்காலியிலும் போகும் தூரம்தான்.)

கடைசியாக 1990 ஜூலை 26 அன்று ஏ.டி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது. தேதியைப் பார்த்தீங்களா? ட்ரூமன் கையெழுத்திட்ட அதே ஜூலை 26, சரியாக 42 வருடம் கழித்து. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் இந்த இரண்டும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வரும்.

இந்தச் சட்டம் பழைய கட்டடங்களை என்ன செய்தது? இங்கேதான் விஷயம் நுணுக்கமானது. பாரம்பரியக் கட்டடத்தை இடித்துத் தள்ளு என்று அது சொல்லவில்லை. மாற்றியமைக்கும்போது முழு விதியையும் பின்பற்றினால் கட்டடத்தின் வரலாற்று மதிப்பே கெடும் என்று உரிய அமைப்பு சொன்னால் சலுகை உண்டு. ஆனால் அந்தச் சலுகைக்கும் ஒரு அடிமட்டம் வைத்தார்கள். கழிப்பறை வசதி என்று ஒன்று இருந்தால், அதில் குறைந்தது ஒன்றாவது சக்கர நாற்காலி போகும்படி இருக்கணும். ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக அந்த ஒன்றே இருக்கலாம். கதவு திறந்தால் 32 அங்குல வழி, உள்ளே 60 அங்குல விட்டத்துக்கு வண்டி திரும்ப இடம், 33-லிருந்து 36 அங்குல உயரத்தில் கைப்பிடி. சாதாரண மடக்கு வண்டியின் அகலம் 25 அங்குலம் இருக்கும். அந்தப் பழைய இரண்டடிக் கதவுகள் ஏன் உதவாது என்று கணக்கு நீங்களே போட்டுக்கலாம்.

ஒரு வேடிக்கை. உறுப்பினர்கள் மட்டும் புழங்கும் தனியார் மன்றங்களுக்கு இந்தச் சட்டத்தில் பெரும்பாலும் விலக்கு உண்டு. படைவீரர் சங்கம் ஒன்று அப்படித் தனி மன்றமாக இயங்கினால் அதன் கூடம் பழையபடியே இருக்கலாம். கூடத்தை வெளியாருக்கு வாடகைக்கு விட்டால் அந்த அளவுக்கு விலக்கு போய்விடும். யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டதால் சொந்த உறுப்பினருக்குக் கழிப்பறை கிடைக்கும் நிலை!

சரி, ஒரு டாய்லெட்டுக்கா இவ்வளவு பணம்? கட்டட வேலை தெரிந்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன், தலையில் கை வைத்தார். கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும், அடிக்குக் கால் அங்குலம் என்பது வழக்கமான கணக்கு. பழைய வடிகால் 40 அடி தள்ளி இருந்தால் குழாய் 10 அங்குலம் இறங்கியாக வேண்டும். அதற்குத் தரையை வெட்டணும். அந்தத் தரை 1920-களின் பளிங்குச் சில்லு மொசைக்காக இருந்தால் வெட்டினது வெட்டினதுதான். பழைய பூச்சில் ஈயம், குழாய் உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அதை அகற்றத் தனி ஆட்கள். அதனால்தான் பல இடங்களில் உள்ளே குடையாமல் பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ சின்ன இணைப்புக் கட்டடமாகச் சேர்க்கிறார்கள்.

அதற்கும் அமெரிக்க உள்துறையின் புனரமைப்பு நெறிமுறை இருக்கிறது. புதுசு பழசோடு ஒத்துப்போகணும், ஆனால் பழசு மாதிரி வேஷம் போடக்கூடாது. பார்த்தால் எது பழசு எது புதுசு என்று தெரியணும். நாளைக்கு அதைப் பிரித்து எடுத்தாலும் மூலக் கட்டடம் அப்படியே நிற்கணும். நம்ம ஊரில் பழைய கோயில் மண்டபத்தில் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்கணும், இது சும்மா இடைச்செருகல்.

இந்த நெறியில் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். முகப்பைக் கெடுக்கக்கூடாது என்பதற்காகச் சாய்தளமும் கழிப்பறையும் எப்போதும் பின்வாசலுக்கே போகின்றன. குப்பைத் தொட்டியைத் தாண்டி, சமையலறைக் கதவு வழியாகத் தன் நண்பர்களின் பெயர்ப் பலகையைப் பார்க்க ஒருவர் வர வேண்டுமா? பக்கவாட்டில் ஒரு நல்ல வாசல், எல்லாரும் அதிலேயே நுழைவது போல, பல இடங்களில் சாத்தியம். கொஞ்சம் யோசித்தால் போதும்.

பெண்களை மறந்துடக்கூடாது. இரண்டாம் உலகப்போரில் சுமார் 3,50,000 அமெரிக்கப் பெண்கள் சீருடையில் இருந்தார்கள். ஆண்களை மட்டும் மனதில் வைத்துக் கட்டிய கூடங்களில் அவர்களுக்கான கழிப்பறை ஏதோ மூலையில் ஒட்டவைத்த சமாச்சாரம்தான். படைவீரர் மருத்துவமனைகளிலேயே பெண்களுக்குத் தனிமையான வசதி போதவில்லை என்று அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் சொன்னது 1982-ல்! இன்றைக்கு அங்கே பெண் முன்னாள் படைவீரர்கள் சுமார் 20 லட்சம் பேர்.

வியட்நாம் போருக்குப் போனவர்கள் இப்போது 70-ஐத் தாண்டியவர்கள். குண்டடிபடாதவருக்கும் இந்த வயதில் ப்ராஸ்டேட் வீக்கம், சர்க்கரை, பி.பி.க்கும் இதயத்துக்கும் நீர் பிரிக்கும் மாத்திரை. ஒரு மணி நேரத்தில் ரெண்டு தடவை எழுந்து போகணும். அடித்தளத்துக்கு இறங்கும் அந்தக் குறுகலான படியில், அவசரத்தில், மங்கின கண்ணோடு. வயதானவர்களின் இடுப்பெலும்பு முறிவு எப்படி நடக்கிறது என்று எந்த எலும்பு டாக்டரைக் கேட்டாலும், ராத்திரி பாத்ரூம் போகும்போது என்ற பதிலை நிறைய தடவை கேட்பீங்க.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். ஊரில் வீல்சேரில் இருப்பவர் ரெண்டு பேர், மூணு பேர், அவங்களும் எப்பவோ ஒருதடவைதான் வர்றாங்க, அதுக்கு இவ்வளவா?

அவங்க ஏன் எப்பவோ ஒருதடவை வர்றாங்கன்னு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. சிறுநீர்ப்பையில் 400, 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது. அதற்காக நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு வடிக்க வேண்டும். நவம்பர் 11, முன்னாள் படைவீரர் தினம். கூடத்தில் மாலை 6 மணிக்கு விழா, 9 மணிக்கு முடியும். அவர் வீட்டில் 4 மணிக்கு வடித்துவிட்டுக் கிளம்பத் தயாராகிறார், உடை மாற்றி வண்டியிலிருந்து காருக்கு மாறவே அரை மணி ஆகும். 5 மணிக்குப் புறப்பாடு. விழாவில் காபி தருகிறார்கள், வேண்டாம் என்கிறார். தண்ணீரும் வேண்டாம் என்கிறார். 8 மணிக்கு அவருக்கு நாலு மணி நேரம் முடிந்துவிட்டது. அவர் வீடு ஒரு மணி நேரத் தூரம். இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பது விழாவின் கடைசியில், எட்டரைக்கு. அந்த நேரத்தில் அவர் காரில் பாதி வழியில் இருப்பார்.